முப்பத்தெட்டு விநாடி

“பேசிக்கிட்டே நட திவ்யா. நிறுத்திடாத.”

“இன்னான்னு பேசறது மேடம்?”

“என்ன வேணா பேசு. ஒண்ணு, ரெண்டு எண்ணிக்கிட்டே வா, போதும்.”

2009ஆம் வருஷம், மார்ச் மாதக் கடைசி. சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில், மடியில் லேப்டாப்பும் காதில் போனுமாக நான் உட்கார்ந்திருந்தேன். திவ்யா இரண்டாம் மாடி சர்ஜிகல் வார்டிலிருந்து கையில் இன்னொரு போனோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று வரை அவள் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு விநாடி கழித்து “அம்பது, அம்பத்தொண்ணு” என்று அவள் திரும்ப வந்தாள். பழைய கட்டடத்தையும் புதுக் கட்டடத்தையும் இணைக்கும் பாலத்தில் அவள் இருந்தாள். இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாகக் கட்டிய நடைபாலம். எத்தனை தடவை நடந்தாலும் அங்கே மட்டும் குரல் அறுந்தது.

அந்த போன்கள் ஆஸ்பத்திரிக்குள் மட்டும் வேலை செய்யும். கூரையில் ஆங்காங்கே பொருத்தியிருந்த வெள்ளைப் பெட்டிகளில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவை பேசும். நர்ஸ் நடக்க நடக்க, போன் ஒரு பெட்டியை விட்டு அடுத்த பெட்டிக்குத் தாவ வேண்டும். பேசுகிறவருக்கு அது தெரியவே கூடாது. இதற்கு ரோமிங் என்று பெயர். சொல்வதற்குச் சுலபம். பழைய பெட்டியின் சிக்னல் முழுக்கச் சாகும்வரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த போன்களின் குணம். கடைசி நிமிஷத்தில் விட்டுவிட்டு, புதுப் பெட்டியைத் தேடி, பாஸ்வேர்டு சொல்லி உள்ளே நுழைவதற்குள் ஆறு விநாடி போய்விடும். அதை அரை விநாடிக்கும் கீழே கொண்டு வருவதுதான் என் வேலை. கிண்டியில் ஒரு சின்ன கான்ட்ராக்ட் கம்பெனி என்னை அங்கே அனுப்பியிருந்தது.

இரண்டாவது வேலை, யாருக்கு முதலில் வழி விடுவது என்று வரிசை அமைப்பது. நர்ஸ் பேசும் குரல், எக்ஸ்ரே படம், பில்லிங் கவுன்ட்டர், வெயிட்டிங் ஹாலில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருப்பவரின் ஈமெயில் எல்லாமே ஒரே காற்றில்தான் போக வேண்டும். கூட்டம் சேர்ந்தால் எது முதலில் போகும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். குரலுக்கு முதல் வரிசை. வீடியோவுக்கு இரண்டாவது. மற்றவையெல்லாம் பிறகு. குரல் கொஞ்சம் தாமதித்தாலும் பேச்சு துண்டு துண்டாகச் சிதறிவிடும். “படம் நின்று வந்தால் யாரும் செத்துப்போக மாட்டார்கள்” என்று எங்களுக்கு வகுப்பெடுத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தபடி நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மூன்று வாரம் திவ்யா எனக்காக நடந்தாள். டியூட்டி முடிந்த பிறகு அரைமணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. எண்ணி எண்ணி அலுத்துப்போய் நாலாம் நாளிலிருந்து அவளே கதை பேச ஆரம்பித்தாள். செய்யூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா லோடு ஏற்றுகிற வேலை, சவுக்குக்கட்டை லாரியிலிருந்து விழுந்து இறந்துபோனார். அம்மா வேர்க்கடலை பிடுங்கப் போகிறாள். ஒரு தம்பி, படிப்பு ஏறவில்லை. “எங்கூர்ல நர்ஸு வேலைக்கு வந்த மொத ஆளு நான்தான் மேடம். பஸ்ஸு ஏறினா கண்டக்டர்கூட சிஸ்டர்ன்னுதான் கூப்புடுவான்.” அவள் எங்கே நடக்கிறாள், குரல் எந்த இடத்தில் மெலிகிறது என்று குறித்துக்கொண்டே நான் கேட்பேன். முக்கால்வாசிக் கதைகள் பாலத்தில் ஆறு விநாடி அறுந்து மறுபுறம் தொடரும். அறுந்துபோனதை நான் திருப்பிக் கேட்டதில்லை. எனக்கு வேண்டியது அவள் குரல்தான், கதை அல்ல.

நான் அணுபுரத்தில் வளர்ந்தவள். அப்பா அணுமின் நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் இருக்கும்போது பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அம்மா சியாமளாவால் அவரைத் தனியாகத் தூக்கி உட்கார வைக்க முடியாது. கிண்டி ஆபீசுக்குப் போய்வந்தால் நான் வீடு சேர ஒன்பது மணி ஆகும். இந்த ஆஸ்பத்திரி வேலை கிடைத்த பிறகு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து இன்னொரு பஸ், அவ்வளவுதான். ஆறரைக்கு வீட்டில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு நெட்வொர்க் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் தேவைப்படும் என்று நிர்வாக அதிகாரி ராமானுஜம் ஒரு தடவை பேச்சுவாக்கில் சொன்னார். அன்றிலிருந்து அந்த வேலை எனக்குக் கிடைத்தாக வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ராமானுஜம் கூப்பிட்டால் இரண்டு படியாகத் தாவி ஏறிப் போவேன்.

அவர் கெட்டவர் இல்லை. பாங்க்கிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஆயா ஆராயியைக்கூட “வாங்கம்மா” என்றுதான் கூப்பிடுவார். பாலத்தின் நடுவில் இன்னொரு வெள்ளைப் பெட்டி வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் போய்ச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார்.

“வைக்கலாம்மா. ஆனா புது பிளாக் திறப்பு விழா ஏப்ரல் பதினெட்டாம் தேதி. பாலத்துல இப்பதான் பெயின்ட் அடிச்சு முடிச்சிருக்காங்க. வர்றவங்க எல்லாரும் அது வழியாத்தான் நடந்து போவாங்க. வயர் தொங்கினா சேர்மன் என்னைத்தான் கேப்பாரு. விழா முடியட்டும், மறுநாளே வெச்சுக்குங்க.”

“அதுவரைக்கும் வார்டு மேசையில இருக்கற பழைய வயர் போனைக் கழட்ட வேணாம் சார்.”

“கழட்டியாச்சேம்மா. புது சிஸ்டம் ரெடின்னு நீங்கதானே போன வாரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க?”

போட்டிருந்தேன். கிண்டியிலிருந்து என் மேலாளர் பார்த்தசாரதி தினமும் போன் பண்ணி, எப்போது முடியும், எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ‘பாலம் நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ராமானுஜம் திரும்பக் கூப்பிட்டார். மேடை நிகழ்ச்சியை ஆஸ்பத்திரி முழுக்க ஆறு டி.வி.யில் நேரடியாகக் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். வயர் இழுக்க நேரமில்லாததால் எல்லாம் கம்பியில்லாமல்தான். ஒத்திகையில் படம் நின்று நின்று வந்தது. சேர்மனின் முகம் பாதி வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நின்றதை அவரே பார்த்துவிட்டார்.

“ஒரு மணி நேரம்தான்மா. படம் நிக்காம போகணும். உங்களால முடியும்னு சேர்மன்கிட்ட சொல்லிட்டேன். உங்க பேரையும் சொன்னேன்.”

எனக்கு அது புரிந்தது. வீடியோவை முதல் வரிசையில் போட்டால் படம் நிற்காது. ஆனால் குரலோடு அதுவும் ஒரே வாசலில் முண்டியடிக்கும். வாசலோ ஒரு ஆள் நுழையும் அகலம்தான். இதை அவரிடம் சொன்னேனா என்று பின்னால் பல நாள் யோசித்திருக்கிறேன். “கால்ஸ் கொஞ்சம் டிஸ்டர்ப் ஆகலாம் சார்” என்று சொன்னேன். “கொஞ்சம்” என்ற சொல்லை நானேதான் சேர்த்தேன். அவர் தலையசைத்தார்.

பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு வீடியோவை முதல் வரிசைக்கு மாற்றினேன். மவுஸில் இரண்டு சொடுக்கு. அதற்குமேல் வேலை இல்லை.

கண்ணாயிரம் என்பவர் சர்ஜிகல் வார்டில் ஏழாம் படுக்கையில் இருந்தார். ஐம்பத்து நாலு வயது, செய்யூர் தாலுகாவில் வேர்க்கடலை பயிரிடும் விவசாயி. பித்தப்பைக் கல்லுக்கு முதல் நாள் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவரை நான் ஒரு தடவைதான் பார்த்தேன், அன்று காலை எட்டரைக்கு, வார்டு டி.வி.யைச் சரிபார்க்கப் போனபோது. “இதுல மேட்ச்சு வருமாம்மா?” என்று கேட்டார். வராது, விழாதான் வரும் என்றேன். “யாரு பாக்கறது அத்த” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் அவருடைய மனைவி பூவாயி ஈரத்துணியை அவர் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

விழாவில் பூங்கொத்தோடு இரண்டு வரிசையாக நிற்க வேண்டும் என்று நர்ஸ்களையெல்லாம் புதுக் கட்டடத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். வார்டில் பதினெட்டுப் படுக்கைக்குத் திவ்யா ஒருத்தி மட்டும் இருந்தாள். டியூட்டி டாக்டர் பக்தவத்சலமும் விழாவில் இருந்தார். கோட்டுப் பையில் ஆஸ்பத்திரி போன் இருந்தது; கூப்பிட்டால் இரண்டு நிமிஷத்தில் வந்துவிடலாம் என்பது கணக்கு. சொந்த மொபைலைப் பணி நேரத்தில் லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. அது எல்லாருக்கும்தான்.

நான் விழா ஹாலின் கடைசியில், சுவரோரம் டி.வி.க்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. குத்துவிளக்கின் திரி, சேர்மன் மனைவியின் புடவை ஜரிகை எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ராமானுஜம் மேடையோரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அப்போது மணி பத்து ஐம்பத்தெட்டு. எனக்கு நாலு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த பக்தவத்சலம் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தார். “ஹலோ... ஹலோ... யாரு? எந்த வார்டு?” என்றார். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்து, ஒரு கையால் மறு காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார். “ஒண்ணும் புரியல, கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடு” என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் அதைப் பார்த்தேன். அது என்னவென்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் குரல் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதுகூடத் தெரியும். உடைந்த ஓட்டுச் சில்லுகள் உருளுவதுபோல் இருந்திருக்கும். அவரிடம் போய், “சார், லைன் சரியில்லை, வார்டுக்குப் போய்ப் பாருங்க” என்று சொல்லப் பத்தடி நடந்தால் போதும். யாரோ ட்ரிப் மாற்றணும் என்று கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். திரையில் படம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது.

பதினொன்று ஐந்துக்கோ ஆறுக்கோ வாசலில் சத்தம் கேட்டது. செக்யூரிட்டிக்காரன் மணி கதவை மறித்துக்கொண்டு நின்றான். “ஃபங்ஷன் நடந்துகினு கீது சிஸ்டர், இப்பப் போவக் கூடாது.” அவன் கைக்குக் கீழே குனிந்து திவ்யா உள்ளே வந்தாள். காலில் செருப்பு இல்லை. சேர்மன் பேசிக்கொண்டிருந்தார். அவள் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே ஓடி பக்தவத்சலத்தின் தோளைப் பிடித்து இழுத்தாள். “சார், ஏழாம் பெட்டு. பிபி எறங்கிகினே போவுது சார். உடம்பெல்லாம் ஜில்லுன்னு கீது. ரெண்டு வாட்டி போன் பண்ணனே சார்.” அவர் எழுந்து ஓடினார். வழிநெடுக ஒவ்வொரு தலையாகத் திரும்பிப் பார்த்தது. அந்தக் காட்சியும் ஆறு டி.வி.யில் தெளிவாகப் போனது. ஏழாம் படுக்கைக்கு எதிரே இருந்த டி.வி.யிலும் போயிருக்கும்.

வயிற்றுக்குள்ளே ரத்தக் கசிவு. மறுபடி தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதே கண்ணாயிரத்தின் இதயம் நின்றுவிட்டது.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். தியேட்டர் பக்கம் போகவில்லை. கீழே என் அறைக்கு ஓடினேன். வரிசையைப் பழையபடி மாற்றினேன். குரல் முதலில், வீடியோ இரண்டாவது. அதோடு நிறுத்தியிருந்தால், மற்ற போன்களாவது ஒழுங்காக வேலை செய்யட்டும் என்றுதான் செய்தேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். நான் வெள்ளைப் பெட்டிகளையெல்லாம் கட்டுப்படுத்தும் மெஷினையே அணைத்துத் திரும்ப இயக்கினேன். அப்படிச் செய்தால் அன்று காலையிலிருந்து எத்தனை குரல்துண்டுகள் வழியில் தொலைந்தன, எந்த நேரத்தில் தொலைந்தன என்ற கணக்கு முழுக்க அழிந்துபோகும். யார் எந்த எண்ணை எப்போது கூப்பிட்டார், எவ்வளவு நேரம் பேசினார் என்ற பட்டியல் மட்டும் வேறொரு இடத்தில் தங்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். திரையில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்ப எரியும்வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே போனபோது பாலத்தில் பூவாயி தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கையில் அந்த ஈரத்துணி இருந்தது. விழாவுக்கு வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு சாப்பாட்டு ஹாலுக்குப் போனார்கள்.

மூன்றாம் நாள் விசாரணை நடந்தது. ராமானுஜம், பக்தவத்சலம், நர்சிங் சூப்பரின்டென்டென்ட், ஒரு வக்கீல், திவ்யா, நான். மேசையில் நான் அச்சடித்துக் கொடுத்த பட்டியல் இருந்தது. வக்கீல் அதில் விரல் வைத்தார்.

“பத்து ஐம்பத்தெட்டுக்கு டாக்டருக்கு ஒரு கால் போயிருக்கு. முப்பத்தெட்டு விநாடி. அடுத்தது எடுக்கப்படல. இந்த முப்பத்தெட்டு விநாடியில நீ என்னம்மா சொன்ன?”

“பிபி எம்பதுக்குக் கீழ வந்துச்சு, பல்ஸு நூத்தி முப்பது, ஒடனே வாங்க சார்னு சொன்னேன். மூணு வாட்டி சொன்னேன். சாருக்குக் கேக்கல.”

பக்தவத்சலம் மேசையைப் பார்த்தபடியே சொன்னார். “தெளிவா சொல்லல. பதறிக்கிட்டு ஏதோ பேசின மாதிரி இருந்தது. தெளிவா சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்.” அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கும்.

“நேரா ஓடி வந்திருக்கலாமே?”

“பதினெட்டு பெட்டு சார். ஆருமே இல்ல. வுட்டுட்டு எப்டி சார் வருவேன்? அப்பறம் பூவாயி அம்மாவ நிக்க வெச்சுட்டுத்தான் ஓடியாந்தேன்.”

வக்கீல் என் பக்கம் திரும்பினார். “லைன் எப்படி இருந்தது மேடம்?”

திவ்யா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை; அதுதான் என்னால் மறக்க முடியாதது. மூன்று வாரம் தன் குரலைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், இவள் சொல்லிவிடுவாள் என்ற நிம்மதி இருந்தது. ராமானுஜம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

“கால் டிராப் ஆனதா சிஸ்டத்துல பதிவாகல சார்” என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய்யே கிடையாது. கால் அறுந்துபோகவில்லை. முப்பத்தெட்டு விநாடியும் இணைப்பு இருந்தது. வக்கீல் எழுதிக்கொண்டார். திவ்யா அப்போதும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் அடுத்து ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். நான் லேப்டாப்பை மூடினேன்.

அவளை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அனுபவச் சான்றிதழ் தரவில்லை. நோயாளியின் நிலையை முறையாகத் தெரிவிக்கத் தவறினார் என்று கோப்பில் எழுதினார்கள். அதோடு வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் அவளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

மறுவாரம் பாலத்தின் நடுவில் வெள்ளைப் பெட்டியைப் பொருத்தினேன். வயர் வெளியே தெரியாமல் சட்டத்தின் உள்பக்கமாகவே கொண்டுபோக முடிந்தது. பரிசோதனைக்குப் பிரபாவதி என்ற வேறொரு நர்ஸ் நடந்தாள். “ஏதாவது பேசுங்க சிஸ்டர்” என்றேன். அவள் எண்ண மட்டும்தான் எண்ணினாள். ஒன்றிலிருந்து இருநூறு வரை, எங்கேயும் அறாமல், ஒரே சீராக. நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலு, நாற்பத்து ஐந்து. இருநூறு முடிந்ததும் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நர்ஸ்கள் யாருமே பிறகு என்னோடு பேசவில்லை. ஆராயி மட்டும் ஒரு தடவை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “அந்தப் பொண்ணு உன்னத்தான் நம்பிச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் முதல் தேதி எனக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். அப்பா சரியாக வராத வாயால் “கிட்டக்கவே, கிட்டக்கவே” என்றார். அவரைத் தூக்கிச் சாய்த்து உட்கார வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வாளி நிரம்பி வழிந்து கால் நனைந்தபோதுதான் நினைவு வந்தது.

அந்த வாரமே ராமானுஜத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையை மாற்றியது அவருக்குத் தெரியும்; மெஷினை அணைத்து இயக்கியது தெரியாது. அதையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். வயசானவர்போல் தெரிந்தார்.

“ராத்திரியில எனக்கும் தூக்கம் இல்லம்மா. ஆனா இப்ப யாருக்கு என்ன ஆகப்போகுது? அவங்க குடும்பத்தோட பேசி முடிச்சாச்சு. சீக்கிரம் வந்திருந்தாலும் பொழைச்சிருப்பாரான்னு சொல்ல முடியாதுன்னு சர்ஜனே எழுதிக் கொடுத்திருக்காரு. பக்தவத்சலம் வேலையை விட்டுப் போயிட்டாரு. நீங்க சொன்னதுக்கு ஆதாரம்னு ஏதாவது இருக்கா?”

“இல்ல சார். நான்தான் அழிச்சிட்டேன்.”

“அப்ப?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டதுபோல்தான் இருந்தது.

பார்த்தசாரதிக்குப் போன் பண்ணினேன். “நீயே மாத்தின, நீயே ரீஸ்டார்ட் பண்ண, நீயே ரிப்போர்ட் கொடுத்த. இதுல என்னை இழுக்காத” என்று வைத்துவிட்டார். நடந்ததையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதினேன். தேதி, நேரம், என்ன மாற்றினேன், எதை அழித்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன். சேர்மன் பெயருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பதிலே வரவில்லை. வேலையை விட்டு நீக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன், அதுவும் இல்லை. மாதம் பிறந்ததும் சம்பளம் வந்தது.

திவ்யா எங்கே இருக்கிறாள் என்று கடைசியில் பிரபாவதிதான் சொன்னாள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. மத்தியான ஷிப்டுக்கு ஒன்றே கால் மணிக்குச் சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் பக்கத்தில் கம்பெனி பஸ் ஏறுவாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை அங்கே போனேன். வெயிலில் கண் கூசியது. கேட் மூடியிருந்தது. இருபது முப்பது பெண்கள் ஒரே நீல நிறத்தில் மேல்சட்டை போட்டுக்கொண்டு, பூட்டியிருந்த ஒரு கடையின் நிழலில் நின்றிருந்தார்கள். திவ்யாவை உடனே அடையாளம் தெரியவில்லை. இளைத்திருந்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

“வாங்க மேடம்” என்றாள். வீட்டுக்கு வந்தவரைக் கேட்பதுபோல் கேட்டாள். “அப்பாக்கு எப்டி கீது?”

ரயில் வந்தது. அது கடக்கும்வரை பேச முடியவில்லை. கடந்ததும் சொல்ல ஆரம்பித்தேன். விழாவுக்கு முன்னால் என்ன மாற்றினேன், டாக்டர் போனை எடுத்ததைப் பார்த்தது, பார்த்துவிட்டு நின்றது, மெஷினை அணைத்தது. அவள் சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“தெரியும் மேடம்” என்றாள் கடைசியில்.

“என்ன தெரியும்?”

“லைனுதான்னு. மூணு வாரம் உங்க கூடப் பேசிகினே நடந்தனே, கொரலு அறுந்தா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு டாக்டர் ஹலோ ஹலோன்னது எனக்கே பிஞ்சி பிஞ்சிதான் வந்துச்சு. மேடம் கீழ இருக்காங்க, மேடம் சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன்.” பஸ் வரும் பக்கம் பார்த்தாள். “ரூம்ல நீங்க லேப்டாப்ப மூடினீங்க பாருங்க, அதுவரைக்கும் நெனச்சுகினு இருந்தேன்.”

நான் பையிலிருந்து அந்த இரண்டு பக்கக் கடிதத்தை எடுத்தேன். இதை வைத்து நர்சிங் கவுன்சிலுக்கு எழுதலாம், வக்கீலைப் பார்க்கலாம், நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். அவள் அதை வாங்கினாள். பிரித்துப் பார்க்கவில்லை.

“அந்த அம்மா வாரா வாரம் போன் பண்ணுது மேடம்.”

“யாரு?”

“பூவாயி அம்மா. ஞாயித்துக்கெழமை ஆனா பண்ணிடும். கடைசியா அவுரு இன்னா கேட்டாரு, இன்னா சொன்னாருன்னு கேக்கும். அது பக்கத்துலதான் இருந்துச்சு, அதுக்குத் தெரியும். ஆனாலும் கேக்கும். தண்ணி கேட்டாரு. குடுக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அத்த இப்ப எப்டி அதுகிட்ட சொல்றது? ஒண்ணும் கேக்கலம்மா, தூங்கிகினு இருந்தாருன்னு சொல்றேன். சரிம்மான்னு வெச்சுடும். அடுத்த ஞாயிறு மறுபடி பண்ணும்.” அவள் கடிதத்தை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்தாள். “நம்பர மாத்திடுன்னு எங்கம்மா சொல்லுது. நான் மாத்தல.”

“பூவாயி அம்மாகிட்ட நான் பேசட்டுமா?”

“பேசி?”

கேட் திறந்தது. இருபுறமும் தேங்கி நின்ற லாரிகளும் ஷேர் ஆட்டோக்களும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு முண்டின. அவற்றுக்குப் பின்னால் கம்பெனி பஸ் வந்து நின்றது. பெண்கள் நிழலை விட்டு வெளியே வந்தார்கள். திவ்யா மடித்த காகிதத்தைச் சாப்பாட்டுப் பையின் ஓரத்தில் சொருகிக்கொண்டாள். டப்பாவிலிருந்து கசிந்த குழம்பில் பையின் அடிப்பக்கம் மஞ்சளாக ஊறியிருந்தது.

“வெயில்ல நிக்காதீங்க மேடம்” என்றாள். வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள். ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

நான் நின்ற பக்கம் முழு வெயில். உள்ளே உட்கார்ந்த உடனே பெண்கள் ஜன்னலுக்கு ஜன்னல் பச்சைத் திரையை இழுத்துவிட்டார்கள். முன்னாலிருந்து ஒன்று, நடுவில் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூடிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு முகமும் தெரியவில்லை. டிரைவர் கியரைப் போட்டார். ஏதோ ஒரு ஜன்னலில் மட்டும் திரை கம்பியில் மாட்டிக்கொண்டு முழுக்க வராமல் நின்றது. உள்ளேயிருந்து ஒரு கை அதைப் பிடித்து இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்தது. பஸ் தண்டவாளத்தின்மேல் ஏறி இறங்கியபோது அதுவும் மூடிக்கொண்டது.